ரொக்கம் கேட்ட வெள்ளிக்கிழமை

பெத்தணனுக்குப் பேச்சுத்தான் சொத்து. முப்பத்திநாலு வருசம் மின்வாரியத்தில் இருந்தார். ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேன் ஆகி, போர்மேனாக வெளியே வந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு செய்கிற வெடி ஆபீசுகளுக்கு லைன் இழுத்த கோஷ்டியில் அவரும் ஒருத்தர். செங்கொடிச் சங்கத்தில் பன்னிரண்டு வருசம் கிளைச் செயலாளர். தெருவில் கரண்டு போனால் எங்கே போச்சு, எப்ப வரும், யார் தப்பு என்று கேட்க நாலு பேராவது அவர் வீட்டுக்கு வருவார்கள். ஒரு வரியில் பதில் சொல்லுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. சப்ஸ்டேஷனில் ஆரம்பித்து டெல்லி வரைக்கும் போய்த்தான் திரும்புவார். கேட்டவனுக்கு ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிடும். ஆனாலும் அவர் சொன்ன நேரத்துக்குக் கரண்டு வந்துவிடும். அதனால் மறுநாளும் கேட்பார்கள்.

2007-இல் ஓய்வு பெற்றார். வீட்டில் இருந்தால் மனைவி சின்னத்தாயிடம்தான் பேச வேண்டும். அவளோ முப்பத்தஞ்சு வருசத்துக் கதையையும் கேட்டு முடித்தவள். "போயி எங்கயாச்சும் பேசிட்டு வாங்க, எனக்குக் காது வலிக்கி" என்று ஒருநாள் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அவர் போய்ச் சேர்ந்த இடம் மெயின் பஜாரில் ஒரு மாடி. அங்கே ஷேர் ஆபீஸ் நடந்தது. உள்ளே ரெண்டு கம்ப்யூட்டர், ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலி. கம்ப்யூட்டரைத் தட்டுகிறவன் பெயர் செழியன். ஆர்டர் சொன்னால் அவன்தான் போடுவான்.

சங்கத்துக்காரருக்கு ஷேர் ஆபீசில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரும் அதைத்தான் கேட்டது. ஆரம்பத்தில் பேச்சுக்குத்தான் போனார். 2008 ஜனவரியில், கையில் இருந்த ஓய்வூதியப் பணத்தில் ஒரு லட்சத்து ஐயாயிரத்தைப் போட்டு, வடக்கத்திப் பவர் கம்பெனி ஒன்றில் ஐந்நூறு ஷேர் வாங்கிவிட்டார். ஷேருக்கு இருநூத்திப்பத்து ரூபாய். "நாட்டுல கரண்டுக்குத் தட்டுப்பாடு. அத என்னவிட யாருக்குத் தெரியும்" என்பது அவர் கணக்கு. வாங்கிய மறுவாரமே மார்க்கெட் விழ ஆரம்பித்தது. விழுந்தது விழுந்ததுதான். கரண்டைத் தனியாருக்கு விடக்கூடாது என்று சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் காலையில் கோஷம் போடுவார். பத்து மணிக்குத் தனியார் கரண்டு கம்பெனியின் ஷேர் ஏறுதா என்று மாடியில் உட்கார்ந்து பார்ப்பார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று பருப்புக் கமிஷன் கடை காளீஸ்வரன் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லுவார். பெத்தணன் சிரித்துக்கொள்வார். மனசுக்குள் குத்தத்தான் செய்தது.

2009 ஏப்ரலில் பார்லிமென்ட் தேர்தல் சூடு பிடித்தபோது அந்த மாடியே சட்டசபை ஆகிவிட்டது. காளீஸ்வரன் ஒரு கட்சி. கடையோடு சின்னதாக ஒரு பருப்பு மில்லும் வைத்திருப்பவர். கரண்டு கட்டால் நொந்து போனவர். பெத்தணன் எதிர்க்கட்சி. நடுவில் இன்பம் டீச்சர். கிறிஸ்தவ நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை, கோடை விடுமுறை என்பதால் தினமும் வந்தார். கணவர் இல்லை. மகள் வினோலியாவை ஜூனில் நர்சிங் காலேஜில் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தில் பாதியை, பெத்தணன் பேச்சைக் கேட்டு, அதே பவர் கம்பெனியில்தான் போட்டிருந்தார். நூற்றைம்பது ஷேர்.

"அணு ஒப்பந்தம் வேணாம்னு உங்க ஆளுக ஆதரவ வாபஸ் வாங்கினாக" என்று காளீஸ்வரன் ஆரம்பிப்பார். "இப்ப என் மில்லு ரெண்டு மணி நேரம் நிக்கி. தனியார்கிட்ட விட்டா நிக்குமா?"

"தனியார்காரன் லாபம் இருக்கிற ஊருக்குத்தான் கம்பி இழுப்பான். அம்பது வீடு இருக்கிற காட்டு ஊருக்கு எவன் இழுப்பான்? நாங்க இழுத்தோம்."

"கம்பியெல்லாம் இழுத்தீகண்ணே. அதுல கரண்டத்தான் காணோம்."

எல்லாரும் சிரிப்பார்கள். பெத்தணனும் சேர்ந்து சிரித்துவிட்டு, காற்றாலைக்காரனுக்கு வாரியம் ஏன் மாசக்கணக்கில் பணம் தரவில்லை, நிலக்கரி எங்கே தேங்கி நிற்கிறது என்று விளக்குவார். டீச்சர் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். "அண்ணாச்சி சொன்னாத்தான் எனக்கு இந்தக் கரண்டு அரசியலே புரியுது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே பெத்தணன் ராத்திரி பேப்பர் படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு வருவார்.

ஒரு விசயத்தில் மட்டும் மூணு பேருக்கும் ஒரே கருத்து. பெத்தணனின் அணி ஜெயித்து டெல்லியில் கை ஓங்கினால் தனியார் கரண்டுக்கு மூக்கணாங்கயிறு விழும், பவர் ஷேர் பாதாளத்துக்குப் போகும். தோற்றால் ஷேர் ஏறும். அப்படியென்றால் பெத்தணன் எதற்கு ஆசைப்பட வேண்டும்? இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. மே பதிமூணாந்தேதி, எப்போதும் போடுகிற சின்னத்துக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

சனிக்கிழமை ஓட்டு எண்ணிக்கை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு மார்க்கெட் மூடிவிடும். விற்கிறதா வைக்கிறதா என்று அதற்குள் முடிவு பண்ணியாக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் சங்க ஆபீசில் பெத்தணனைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார்கள். ஜெயித்ததும் ஒட்டுவதற்கு நன்றிப் போஸ்டர் வேண்டும். சிவகாசி முனியசாமி பிரஸ்ஸில் ஆர்டர் கொடுத்துவிட்டு வரணும். போன தேர்தலுக்கு ஆயிரம். இந்தத் தடவை ரெண்டாயிரம். அட்வான்ஸ் ஆயிரம் ரூபாய் கையில் கொடுத்தார்கள்.

ஷேர் ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். காளீஸ்வரனுக்குக் கண் விரிந்தது. "அண்ணே, அப்படியே யாரு யாரு எம்புட்டு ஆர்டர் குடுத்திருக்காகன்னு பாத்துட்டு வாங்க. டிவிக்காரன் கணிப்பெல்லாம் எதுக்கு? சிவகாசிக்குத் தெரியாத ரிசல்டா?" என்றார். இந்த ஊர்ப் பக்கம் அப்படி ஒரு நம்பிக்கை. போஸ்டரும் வெடியும் எவன் பேருக்கு ஆர்டர் ஆகிறதோ அவனுக்குத்தான் வெற்றி.

முனியசாமி பிரஸ்ஸில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முனியசாமியும் பெத்தணனும் இருபது வருசப் பழக்கம். "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்று நாற்காலி போட்டார். போஸ்டர் மேட்டரை வாங்கிப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் பெத்தணன் அட்வான்சை நீட்டுவார், முனியசாமி கையைத் தள்ளிவிட்டு, "ஜெயிச்சப்புறம் மொத்தமா வாங்கிக்கிடுதேன், வச்சுக்கோங்க" என்பார். 2004-லும் அப்படித்தான், 2006-லும் அப்படித்தான்.

இந்தத் தடவை நீட்டிய ஆயிரத்தை முனியசாமி வாங்கிக்கொண்டார். வாங்கிவிட்டு, மெஷினைப் பார்த்துக்கொண்டே, "மிச்சம் அய்யாயிரத்தையும் குடுத்துருங்கண்ணே. பேப்பர்காரன் நெருக்குதான்" என்றார்.

பக்கத்து மேசையில் எதிரணியின் நன்றிப் போஸ்டர் புரூப் கிடந்தது. பெத்தணன் அதைப் பார்த்து, "இவுகளும் முழுசாக் குடுத்துட்டாகளா?" என்று கேட்டார்.

"அதுக்கென்னண்ணே, அவுக பாக்கி பைய வரும்" என்றார் முனியசாமி.

பெத்தணனுக்குப் புரிந்துவிட்டது. சிவகாசித் தேர்தல் வேலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஜெயிக்கிறவனுக்குப் பாக்கி, தோற்கிறவனுக்கு ரொக்கம். தோற்றவனிடம் போய் எவன் பாக்கி வசூல் பண்ணுவது? நாலு மாவட்டத்து ஆட்கள் வந்து போகிற பிரஸ் முதலாளிக்கு ஊர் நாடி தெரியாமல் இருக்காது. யாருக்கு எத்தனை ஆயிரம் என்பதில் ஒன்றுமில்லை. ஆசை இருக்கிறவன் எல்லாம் போஸ்டர் அடிப்பான். ரொக்கமா பாக்கியா என்பதில்தான் விசயமே இருக்கிறது. பெத்தணன் எதிரே இருந்த ஏடிஎம்மில் தன் சொந்தப் பணம் ஐயாயிரத்தை எடுத்துக் கொடுத்தார். முனியசாமி ரசீது எழுதும்போது நிமிரவே இல்லை.

பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டுகிற வரைக்கும் அவருக்கு ஆத்திரம்தான். முனியசாமி என்ன பெரிய ஜோசியனா என்று திட்டிக்கொண்டார். ஆமத்தூர் வந்தபோது ஆத்திரம் அடங்கி, நெசந்தான் என்று மனசு சொல்லிவிட்டது. கூட்டங்களில் ஆள் குறைந்தது, பூத்தில் பழைய முகங்கள் கண்ணைப் பார்க்காமல் போனது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாம தோற்கப்போறோம். அப்படியென்றால் ஷேர் ஏறும். இந்த ரெண்டாவது நினைப்பு இவ்வளவு சுருக்காக வந்ததுதான் அவருக்குக் கேவலமாக இருந்தது.

மாடி ஏறும்போது மணி ரெண்டே முக்கால். எல்லாரும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"என்னண்ணே, எம்புட்டு?" என்றார் காளீஸ்வரன்.

"ரெண்டாயிரம்."

"ரெண்டாயிரமா? போன தடவ ஆயிரம்தான! அவுகளுக்கு?"

"புரூப் கெடந்துச்சு. எம்புட்டுன்னு கேக்கல."

"அப்ப உங்க பக்கம்தான் காத்து. செழியா, என்னோட ஷேர எல்லாம் தள்ளிருப்பா" என்று காளீஸ்வரன் எழுந்தே விட்டார். ஷேர் விலை தொண்ணூத்திரெண்டு. இன்பம் டீச்சர் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளை படிப்புக்காசு. இன்னும் எறங்கினா நான் தாங்க மாட்டேன். நீங்க சொல்லுங்க. வச்சுக்கவா, குடுத்துரவா?"

சொல்லியிருக்கலாம். முனியசாமி முழு ரொக்கம் கேட்டான் என்று நாலே வார்த்தை. கேட்ட மாத்திரத்தில் அந்த மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அது, எங்க அணி தோக்கப்போகுது என்று காளீஸ்வரன் முன்னால் பெத்தணன் தன் வாயால் சொல்வது. முப்பது வருசம் கோஷம் போட்ட வாய். அது திறக்கவில்லை.

"ரெண்டாயிரம் போஸ்டருக்கு ஆர்டர் குடுத்திருக்கோம் டீச்சர்" என்றார். பொய் இல்லை.

டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு செழியனிடம் போய் நூற்றைம்பதையும் விற்கச் சொன்னார். மூன்றரைக்குக் கம்ப்யூட்டர் நின்றது. பெத்தணன் தன்னுடையதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் பரபரப்பில் யாரும் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் டிவியில் தெரிந்துவிட்டது. டெல்லியில் பழைய ஆட்சியே திரும்ப வந்தது. பெத்தணனின் அணிக்குச் சரியான அடி. சின்னத்தாய் வந்து, "போகட்டும் விடுங்க. சோறு திங்காம இருக்காதீக" என்று தட்டை வைத்தாள். பெத்தணன் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். ரெண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினபோது சின்னத்தாய் அவர் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அதற்குமேல் அவருக்குக் கைச்சோறு வாய்க்குப் போகவில்லை. கட்சி தோற்ற அன்றைக்கு இப்படிப் பசிக்குமா என்று அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை மார்க்கெட் திறந்தது. திறந்த ஒரு நிமிசத்துக்குள் எல்லா ஷேரும் எகிறி, இதற்கு மேல் ஏற விடமாட்டோம் என்று அன்றைக்கு மூடியே விட்டார்கள். விற்றவர்கள் திரும்ப வாங்கக்கூட வழியில்லை. காளீஸ்வரன் சிவகாசியையும் போஸ்டரையும் காது கூசத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த பெத்தணனைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"பாவம் அண்ணன். நமக்குக் காசுதான் போச்சு. அவருக்குக் கட்சியும் போச்சு. செழியா, அண்ணனுக்கு ஒரு டீ சொல்லு."

டீ வந்தது. பெத்தணன் டம்ளரைக் கையில் வாங்கினார். இன்பம் டீச்சர் எதிரே உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. ஆனாலும், "வருத்தப்படாதீக அண்ணாச்சி. நீங்களும்தான் நம்பினீக" என்றார்.

பேசாமல் டீயைக் குடித்துவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். செழியன் வாய் திறக்கிற பையன் இல்லை. யாருக்கும் தெரிந்திருக்காது. பெத்தணனால் முடியவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தார்.

"நான் விக்கல டீச்சர்."

"என்னது?"

"என் ஷேர நான் விக்கல. முனியசாமி எங்கிட்ட முழு ரொக்கம் கேட்டான்."

காளீஸ்வரனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வாய் மூடி பெத்தணன் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"நான் கேட்டேனே. வெள்ளிக்கிழம இதே நாக்காலியில வச்சுக் கேட்டேனே" என்றார் டீச்சர்.

"எங்க ஆளுக தோத்துருவாகன்னு என் வாயால எப்படிச் சொல்ல? அது மட்டும் முடியல டீச்சர்."

"வாயால சொல்லல, சரி. காச வச்சுச் சொல்லிட்டீகளே. எங்களுக்கு மட்டும் கேக்காம."

பெத்தணன் வித்தியாசப் பணத்தை நான் தந்துவிடுகிறேன் என்று சொல்ல நினைத்தார். அதைச் சொன்னால் இன்னும் அசிங்கம் என்று தோன்றி முழுங்கிவிட்டார். டீச்சர் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட பெத்தணன் தாங்கியிருப்பார்.

"வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் படியிறங்கினார். ஒன்றரை வருசமாக அவரை அந்தம்மா அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுவந்தார்.