படப்பில் விழுந்த என் வான விளக்கு

சமயநல்லூரில் தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவள் நான். சில வருஷங்களுக்கு முன்பு கார்த்திகைக்கு, வானத்தில் பறக்கும் காகித விளக்கு ஒன்று செய்தேன். பட்டம் ஒட்டும் தாளைப் பாவாடைக்கு வெட்டுவது போல எட்டுத் துண்டாக வெட்டி ஒட்டி, அடியில் மூங்கில் வளையம் வைத்தேன். வளையத்தின் நடுவே மெழுகில் தோய்த்த துணி. பற்ற வைத்ததும் விளக்கு உப்பிக்கொண்டு மேலே ஏறியது. தெருவே கை தட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"மதினி, எம்புட்டு உசரம் போகுது பாருங்க!" என்று குதித்த என் நாத்தனார் கலா, சட்டென்று அலறினாள். "ஐயோ, படப்புப் பக்கம் சாயுதே!"

காற்று திரும்பிவிட்டது. பக்கத்துக் களத்து வைக்கோல் படப்பில் விழுந்த விளக்கு குப்பென்று பற்றியது. மாட்டுத் தொட்டியில் ஒரு சாக்கை முக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் சாக்கால் அடிக்க, கலா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு முறம் அளவு கருகியதோடு தீ அடங்கியது.

படப்புக்காரர் மூச்சிரைக்க வந்தார். "செய்யி தாயி, வேணாங்கலை. எங்கிட்டு விழும்னு பாத்து விடு" என்றார்.

இப்போதெல்லாம் காற்று அடங்கிய பிறகு, தண்ணீர் நிறைந்த கண்மாய்க் கரையில் மட்டுமே விடுகிறேன். வளையத்தில் மெல்லிய கம்பி கட்டி, அதில் நூலை முடிந்து, கையில் பிடித்துக்கொள்கிறேன். ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கும். போன கார்த்திகைக்கு மூன்று விட்டேன். மூன்றும் கிழியாமல் என் கைக்கே இறங்கி வந்தன.