சாமி எங்கள் தெருவுக்கு வந்த மாலை

மயிலாப்பூரில் எங்கள் தெருவின் கீழ்முனையில், அடுத்த வீதியைப் பார்த்த வாசலோடு, சிவன் கோயில்; நடுவில் பள்ளிவாசல்; மேல்முனையில் மாதா கோயில். சாமி உலா பள்ளிவாசலைக் கடக்கையில் மேளம் தானாக ஓயும். மாதாவின் தேர் வரும் மாலையில் பள்ளிவாசல்காரர்கள் தங்கள் வண்டிகளை ஒதுக்கிவிடுவார்கள். எதையும் வாய்விட்டுக் கேளாதிருப்பதே அங்கே மரியாதை. ஒன்பது வயதில் நான் கேட்டேன்.

அது பங்குனித் திருவிழா. மாலையில் எங்கள் வீட்டு வாசலில் சாமியை நிறுத்தி நான் பதிகம் பாடுவதாக ஏற்பாடு. அன்று விடியலில் எதிர்வீட்டு அத்தை இறந்துபோனார். மாதா கோயிலைச் சேர்ந்தவர். உறவில்லை, அழைப்பில்தான் அத்தை. மஸ்கட்டிலிருந்து மூத்த மகள் மாலையில் வந்து முகம் பார்த்தபின், மறுநாள் காலை அடக்கம்.

தெருவில் உடல் இருக்கையில் சாமி வருவதில்லை. உலா இவ்வாண்டு முந்தைய தெருவோடு திரும்பட்டும் என்று, கோயில் பொறுப்பிலிருந்த சித்தப்பா முடிவு செய்தார். எதிர்வீட்டாருக்குச் சொல்லவும் வேண்டாம், சங்கடப்படுவார்கள் என்றார்.

பட்டுப்பாவாடையோடு நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அத்தையின் கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அத்தையை எப்போ எடுப்பீங்க? எடுத்தாத்தானே சாமி நம்ம தெருவுக்கு வரும்?"

அவர் என்னையே பார்த்தார். "இன்னா கண்ணு, சித்தப்பா கேட்டுக்கினு வரச் சொன்னாரா?"

'இல்லை' என்று சொன்னால், வீட்டில் சொல்லாமல் வந்தது தெரிந்துவிடும். ஆமென்று தலையாட்டினேன்.

"அவரே வந்து கேட்டிருக்கலாம். பரவால்ல. எங்களுக்கோசரம் சாமி ஏன் தெருமுனையில நிக்கணும்?"

மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்கள். பதறிப்போய்க் காரணம் கேட்ட சித்தப்பாவிடம், உடல் தாங்காது என்று மட்டும் மாமா சொன்னாராம். அந்தச் சொல்லை இன்றுவரை நான் திருத்தவில்லை.

தெருவைக் கழுவிக் கோலமிட்டார்கள். ஆறு மணிக்குச் சாமி வந்தது. நான் பாடிக்கொண்டிருக்கையில், கூட்டத்தில் சிக்கிய ஆட்டோவிலிருந்து எதிர்வீட்டு அக்கா பெட்டியோடு இறங்கினாள்.

"கொஞ்சம் வழி விடுங்க, எங்கம்மாவைப் பாக்கணும்."

அம்மன் சப்பரத்தைத் தேடுகிறாள் என்று நினைத்து, "பின்னாடி வருதும்மா, அவசரப்படாதே" என்றார் ஒருவர்.

மாமா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவள் பெட்டியின் மேலேயே சரிந்து உட்கார்ந்து அழுதாள், எனக்கு நேரெதிரே.

என் பாட்டில் உருகித்தான் அழுகிறாள் என்று எண்ணினேன். கடைசிப் பாட்டை அவளுக்காக இன்னும் ஓங்கிப் பாடினேன்.