வேலை செய்கிற ஒரே சாமி

எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் ஒரு காலத்தில் பன்னிரண்டு கிரேக்க சாமிகள் குடியிருந்தார்கள். குழந்தைகள் பனியனில். ஐரோப்பாவில் இருந்து எங்களுக்குப் பனியன் ஆர்டர் கொடுக்கும் ஒரு பையர், தன் நாட்டுப் பிள்ளைகள் பழைய புராணத்தை மறந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டு, அந்தக் கவலையைக் கொண்டுவந்து திருப்பூர் அவிநாசி ரோட்டில் எங்கள் தலையில் இறக்கினார். ஒவ்வொரு சாமிக்கும் ஒரு படம், படத்துக்குக் கீழே நாலு வரிக் குறிப்பு. படத்தைக் கலர் கலராகப் பிரித்து அச்சுக்குத் தயார் செய்வது டிசைனராகிய என் வேலை. குறிப்பைப் படிப்பது என் வேலை இல்லை. அதனால் அதை முதலில் செய்தேன்.

நாலு வரி போதவில்லை. மிச்சத்தை போனில் தேடிப் படித்தேன். பெற்ற பிள்ளைகளை விழுங்கும் அப்பன். தான் குளிப்பதைப் பார்த்துவிட்டவனை மானாக்கி, அவன் வளர்த்த நாய்களையே ஏவிக் கடிக்க வைக்கும் கன்னி. புருஷன்மேல் உள்ள கோபத்தை ஊரில் இருக்கும் பெண்கள்மேல் காட்டும் மகாராணி. ஒரு சாமிகூட ஒரு கதையிலும் மன்னிப்புக் கேட்டதாக நான் படிக்கவில்லை. எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான் தெற்கே இருந்து பிழைக்க வந்தவன். பஸ் ஏறும்போது வாயைத் தவிர வேறு சொத்து எதையும் எடுத்து வரவில்லை. யூனிட் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் காலை இடைவேளைக்குப் பத்து நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு சாமி என்று கணக்கு வைத்துக்கொண்டு கதை சொன்னேன். ஒரு வாரத்தில் ஆளுக்கொரு இஷ்ட தெய்வம் வந்துவிட்டது. முதலாளி, கையில் இடி வைத்திருக்கும் சியூஸைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆளுக்கு ஊருக்கு ஒரு தொடுப்பு என்று, முதலாளியின் மனைவி ஆபீஸில் இருந்த நேரம் பார்த்து நான் விளக்கியதும், அவசரமாகச் சூரியனுக்கு மாறிவிட்டார். பீகாரில் இருந்து வந்த பிரிண்டர், கடல் ராஜாவின் கையில் சூலத்தைப் பார்த்ததும் "அரே, யே தோ மகாதேவ் ஹை!" என்று ஈரம் காயாத அச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாயங்காலம் வரைக்கும் நீல இமையோடு வேலை பார்த்தான்.

அச்சில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் அக்கா, மான் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

"அந்தம்மா பேரு என்னங்க?"

"ஆர்ட்டெமிஸ்."

"அதுதானுங்க சாமி. நம்ம சூப்பர்வைசருக்கு நாலு நாயி வாங்கிக் குடுக்கோணும்."

எனக்கு நானே ஹெர்மிஸ் என்று பட்டம் கட்டிக்கொண்டேன். காலில் றெக்கை வைத்துத் தூது போகிற அழகன். என் தொப்பையையும் முன்வழுக்கையையும் மேலும் கீழும் பார்த்த அக்கா, "றெக்கை காலுல இருக்குதுங்க, ஓடறது பூரா வாயிதானுங்க" என்றாள். டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு வலிக்காது. அதனால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது சாமிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஹெஃபெஸ்டஸ்: சாமிகளின் கொல்லன், கால் ஊனம். எங்கள் மெக்கானிக்குக்குக் குழந்தையில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. முப்பத்து நாலு வயது. கம்ப்ரசரும், அச்சைச் சூட்டில் வேகவைக்கும் க்யூரிங் மெஷினும் அவர் கை வைத்தால்தான் ஓடும். நான் கதையைச் சொன்னேன். பிள்ளை அழகாக இல்லை என்று பெற்ற தாயே மலை உச்சியில் இருந்து தூக்கிப் போட்டதைச் சொன்னேன். சாமிகளின் விருந்தில் அவன் விந்தி விந்தி மது ஊற்ற, மற்ற சாமிகள் வயிறு வலிக்கச் சிரித்ததைச் சொன்னேன். சொன்னது பத்தாது என்று, டீ கிளாஸ் தட்டை வாங்கிக்கொண்டு நடந்தும் காட்டினேன்.

'நொண்டிச்சாமி' என்ற பெயர் அன்று மத்தியானத்துக்குள் ஒட்டிவிட்டது. வைத்தது நான்தான். மெக்கானிக் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்ணா, அந்த இடி, சூலமெல்லாம் ஆரு செஞ்சு குடுத்ததுங்க?"

"பாதிக்கு மேல இவன் பட்டறையிலதான் தம்பி."

"அப்பப் பன்னெண்டு பேத்துல வேலை செய்யற சாமி இது ஒண்ணுதானுங்க. எனக்கு இதே போதுமுங்க."

மறுநாள் இரண்டாம் பாகம் சொன்னேன். அவனுக்கு வாய்த்தவள் சாமிகளிலேயே பேரழகி. அவள் போர்ச் சாமியோடு போய்விடுகிறாள். புருஷன் முடியைவிட மெல்லிய கம்பியில் ஒரு வலை பின்னிக் கட்டிலுக்கு மேலே கட்டி வைக்கிறான். இரண்டு பேரும் சிக்கியதும் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக் காட்டுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். உண்மைக் கதையில் அவர்கள் வலையில் சிக்கியவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சொன்னபோது புருஷனைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன். டீக்கடைக்கு அதுதான் எடுபடும்.

அடுத்த வாரம் மெக்கானிக் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றார். கையைத் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அண்ணா, கணியூர்ப் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்கறமுங்க. காலைப் பத்திச் சொல்லியாச்சு. அந்தப் புள்ளையும் சரின்னுருச்சுங்க. அவங்க மாமன் மட்டும் இங்க வந்து ஆளு எப்படின்னு ஒரு வார்த்தை விசாரிப்பாருங்ளாமா."

"வரட்டும்."

"ஏழு எடம் தட்டிப் போச்சுங்ணா. எங்கம்மா இப்பெல்லாம் விசேசத்துக்கே போறதில்லீங்க. தூது போற சாமி நீங்கதானுங்க, பாத்துச் சொல்லுங்க."

"நான் சொல்ற சொல்லுல பொண்ணை நாளைக்கே கூட்டிட்டு வந்து விட்ருவாங்க" என்றேன். பொய் இல்லை, அப்படித்தான் நினைத்தேன். குடிக்க மாட்டார், தங்கமான கை, ஒரு நாள் லீவு போட மாட்டார் என்று வரிசையாக மனதில் எழுதிக்கூட வைத்திருந்தேன். வெள்ளை வேட்டியில், துண்டு போட்ட ஒரு பெரியவரை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

வந்தவர் பேண்ட் போட்டிருந்தார். கையில் ஹெல்மெட். எங்கள் யூனிட் மெக்கானிக் எப்படி என்று டீக்கடைக்காரரைக் கேட்டார். எங்கள் ஊரில் ஒரு நல்ல மெக்கானிக்கைப் பற்றி அந்நியர் கேட்டால், வேறு யூனிட்காரர் ஆளை இழுக்க வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

"ஆரு, நொண்டிச்சாமிங்ளா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஏனுங்க அப்படிச் சொல்றீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது போதும். மலையில் ஆரம்பித்தேன். தட்டை வாங்கி நடந்து காட்டினேன். பேரழகியைக் கொண்டுவந்தேன். அவள் போர்ச் சாமியோடு புறப்படும்போதுதான் வந்தவரின் சட்டைப் பையைக் கவனித்தேன். மஞ்சள் தடவிய ஜாதக நோட்டின் மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

இந்த இடத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வலை அப்போது மேலேதான் கட்டியிருந்தது, இன்னும் விழவில்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டுப் பேர் வாயைப் பாதி திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வர வேண்டிய சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. வலையை விழவிட்டேன். புருஷனைப் பார்த்துச் சிரிக்க வைத்தேன். அத்தனை நாளில் அதுதான் பெரிய சிரிப்பு.

பிறகு அவரை ஓரமாகக் கூட்டிப்போய், "விளையாட்டுக்குச் சொன்னேங்க. தங்கமான பையன்" என்றேன்.

"ஆமாங்க, ஆமாங்க. நல்லாச் சொன்னீங்க" என்றார் அவர். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

நாலு நாள் கழித்து மெக்கானிக் வந்தார்.

"ஜாதகம் சேரலீங்ளாமாங்ணா."

"அடடா."

"நீங்க நல்லாத்தான் சொல்லியிருப்பீங்க. எங்க நேரமுங்க."

"ஆமா தம்பி, நேரம்தான்" என்றேன். நாக்கு கூசாமல் வந்தது.

அதே மாதம் பையரிடம் இருந்து மெயில் வந்தது. பதினொரு சாமிகளும் பாஸ். பன்னிரண்டாவது வேண்டாம், விந்தி நடக்கிற உருவத்தைப் பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கித் தர மாட்டார்கள், அதற்குப் பதில் றெக்கை வைத்த குதிரையைப் போடுங்கள் என்று எழுதியிருந்தார். போட்டேன். குதிரைக்கு நாலு காலும் நன்றாக இருந்தது. சாம்பிளுக்கு அடித்திருந்த கொல்லன் பனியன் மூன்று மிச்சம் கிடந்தது, நாலு வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. ஒன்றை மெக்கானிக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை அன்றுதான் பார்த்தேன். கழுவித் துடைத்துப் பட்டை போட்டிருந்த க்யூரிங் மெஷினின் நெற்றியில் அந்தப் பனியன் தொங்கியது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் செவ்வந்தி. முதலாளி சிரித்துவிட்டு அதற்கும் சேர்த்தே சூடம் காட்டினார். பூசணிக்காய் உடைத்தாயிற்று. எல்லோர் கையிலும் பொரி.

"அண்ணா, சாமி கதையை ஒருக்கா சொல்லுங்க. இது புதுச் சாமி, பாதிப் பேருக்குத் தெரியாதுங்க" என்றார் மெக்கானிக்.

சொன்னேன். மலையைச் சொன்னேன். நடந்து காட்டவில்லை. பட்டறையைப் பற்றி நீட்டி முழக்கினேன். இடி, சூலம், கேடயம் என்று எல்லோருக்கும் செய்து கொடுத்து அவன் ரொம்பக் காலம் நன்றாக வாழ்ந்தான் என்று முடித்துப் பொரியை வாயில் போட்டேன்.

"வலையை உட்டுட்டீங்ளேங்ணா."

"நல்ல நாளும் அதுவுமா அது எதுக்கு தம்பி?"

"சொல்லுங்ணா. கணியூர்க்காரருகிட்டச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. டீக்கடைல நல்லா இருந்துச்சுங்ளாமா."

குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. வழக்கமான அதே 'ங்க'. செக்கிங் அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். டீக்கடையில் அன்று இருந்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். வாயில் இருந்த பொரியை முழுங்கிவிட்டுச் சொன்னேன். அழகி, போர்ச் சாமி, கம்பி, கட்டில்.

"எல்லாச் சாமியும் வந்து பாத்துச் சிரிச்சாங்க."

"ஆரைப் பாத்துங்ணா?"

"வலையில மாட்டினவங்களைப் பாத்து."

"அன்னைக்கு வேற மாதிரிச் சொன்னீங்ளாமா."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் கதை சொல்லித் திருப்பூரில் யாரும் சிரிக்காத முதல் நாள் அது. முதலாளிகூட ஆபீஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். மெக்கானிக் விந்தி வந்து என் கையில் இன்னொரு பிடி பொரி வைத்தார். "சாப்புடுங்ணா" என்றார். போய் மெஷினைப் போட்டார். மேலே பனியன் ஆடியது.

அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒன்பதாவது இடத்தோடு அவர் அம்மா தேடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். பனியன் அங்கேயேதான் இருக்கிறது, சூட்டில் சாயம் வெளுத்து. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சூடம் காட்டியதும் என்னைப் பார்த்து, "அண்ணா, சாமி கதைங்க" என்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வலை விழும்போது சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் மெக்கானிக் காத்திருப்பார். பிறகு மரியாதையாகக் கேட்பார், ஆரைப் பாத்துங்ணா என்று.

நான் பதில் சொல்லிவிட்டுக் கையை நீட்ட வேண்டும். பொரி வைப்பார்.