வலை இறங்காத நாளில் வந்தவர்கள்: எண்ணூர்க் கழிமுகத்துக்கு ஒரு காலைப் பயணம்

எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்பிடிப்பு இல்லை என்று சொல்லும் ஆய்வறிக்கையைத் திருத்தக் கோரும் மனு வெள்ளிக்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பெறப்பட்டுவிட்டது. முத்திரையிட்ட ரசீதை, மனு கொடுத்த மீனவப் பெண் கஸ்தூரி மறுநாள் காலை என்னிடம் காட்டினார். உறுதியாகத் தெரிந்தது இதுவரை இவ்வளவுதான்.

துறைமுக விரிவாக்கத்துக்காகக் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கத் திட்டம் இருக்கிறது. அலையாத்திச் செடிகள் நிற்கும் இந்த இடம், கடற்கரை விதிகளின்படி பாதுகாக்கப்பட்ட பகுதி. கரையோரக் குப்பங்கள் எதிர்க்கின்றன. திட்டத்துக்கான ஆய்வறிக்கையில் மீன்பிடிப்பு இல்லை என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, நேரில் பார்ப்போம் என்று சனிக்கிழமை கிளம்பினேன்.

ராயபுரத்தில் காலை 6.10-க்குக் கும்மிடிப்பூண்டி வண்டி. எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். திருவொற்றியூர் தாண்டும்வரை உட்கார இடம் கிடைக்காது. 6.50-க்கு இறங்கினேன். அங்கிருந்து முகத்துவாரம் சுமார் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ உண்டு.

"தொறமொகம் பாக்க வந்தியா சார், இல்ல தொறமொகம் வேணான்றவங்கள பாக்க வந்தியா?" என்றார் ஓட்டுநர்.

இரண்டாவது என்றேன்.

"அப்ப பத்து ரூபா குடு. மொதலாவதுன்னா இருவது வாங்கியிருப்பேன்."

ஏழரை மணிக்குத் தண்ணீரில் பதினோரு படகுகளை எண்ணினேன். இடுப்பளவு நீரில் நான்கு பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எப்படி வந்தது அந்த வரி? கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஊர்த் தலைவர் கன்னியப்பன் மறைக்காமல் சொன்னார்.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை எந்த வீட்டு வலையும் தண்ணீரில் இறங்காது. கஸ்தூரியின் கணவர் இறந்த அன்று காலைதான் ஆய்வுக் குழு ஜீப்பில் வந்திருக்கிறது. ஆற்றில் ஒரு படகும் இல்லை. பந்தல் போட்டுக்கொண்டிருந்த கன்னியப்பனிடம் யாராவது தொழில் செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இல்லை என்றவர், நீட்டிய ஆங்கிலத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"எழவு வூட்ல நிக்கறேன், அவங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்," என்றார்.

பக்கத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிரவில்லை. "கல்யாணப் பத்திரிகைன்னா மட்டும் கண்ணாடி போட்டுப் படிப்ப, மாமா."

கன்னியப்பன் மறுபடி வலையை உதறத் தொடங்கினார். அந்த வரி அப்படியே நிலைத்துவிட்டால், சதுப்பு நிலத்தை மேடாக்குவதால் யாருடைய பிழைப்பும் போகாது என்று காகிதத்தில் ஆகிவிடும். அன்று வலை ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஊரிடம் இருந்த ஒரே ஆதாரம் கஸ்தூரி கணவரின் இறப்புச் சான்றிதழ். நகல் செல்லாது, அசல் வேண்டும் என்று மனு வாங்கிய அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். விதவை உதவித்தொகைக்காக வைத்திருந்த அசலைக் கஸ்தூரி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அந்தாளுக்கு மரியாதைன்னு ஊரே தொழிலுக்குப் போவல," என்றார். "அதையே வெச்சுக்கினு ஆத்துல ஆளே இல்லன்றாங்க. அவரு செத்ததுதான் சாட்சின்னா, அந்தப் பேப்பரு அங்கயே இருக்கட்டும்."

பத்து மணிக்குத் திரும்பினேன். போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள், அதன்பின் படகுகள் கரையேறிவிடும். தண்ணீர் கொண்டுபோங்கள். பக்கத்து அனல் மின்நிலையச் சாம்பல் பறக்கும், கைக்குட்டை தேவைப்படும். படம் எடுக்குமுன் கேளுங்கள். ஆற்றில் ஒருவரும் இல்லையென்றால், குப்பத்துக்குள் போய் ஏன் என்று விசாரியுங்கள்.

மனுவுக்குப் பதினைந்து நாளில் பதில் தருவதாக ரசீதில் எழுதியிருக்கிறது. திட்டம் பற்றிய மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அதற்கு முன்பா பின்பா என்று இன்னும் அறிவிக்கவில்லை. சான்றிதழும் பதிலோடு சேர்ந்துதான் திரும்பி வருமாம். அதுவரை கஸ்தூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது.