முன் சீட்டில் ஐரோப்பா

இராஜரட்ணம் மூன்று நாடுகள் வழியாக ஐரோப்பாவைக் கடந்து வந்தவர். ஆனால் அங்கே ஒரு மரத்தைக்கூடக் கண்டதில்லை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் அவர் குடியிருக்கிற மாடிக் கட்டடத்துத் தமிழ்ச் சனம் முழுக்க இதை அறியும். சொல்லிச் சிரிக்கிறவரே அவர்தான். எண்பதுகளின் நடுவில், ஹம்பேர்க் நகரத்தில், ஒரு லொறியின் பின்பக்கம் அடுக்கியிருந்த கம்பளச் சுருள்களுக்கு அடியில் அவரைப் படுக்க வைத்தார்கள். கதவு மறுபடி திறந்தது சுவிஸ் எல்லைக்குக் கிட்ட, நல்ல இருட்டில். பிறகு பிரான்ஸ். அது இன்னொரு வான், இன்னொரு இருட்டு. அங்கிருந்து ரொறன்ரோ.

"அத்தான் ஐரோப்பாவை முதுகாலை பாத்தவர்" என்று மனைவியின் தம்பி ஸ்ரீதரன் கலியாண வீடுகளில் சொல்லுவான். மேசையில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். இராஜரட்ணமும் சிரிப்பார்.

பகிடிதான், ஆனால் பொய்யில்லை. முதுகு எதையும் மறக்கவில்லை. லொறி எங்கே மூச்சு வாங்கி ஏறியது, எங்கே நீளமாக வளைந்து இறங்கியது என்று அதற்குத் தெரியும். ஓரிடத்தில் நின்றபோது வெளியே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் சிரித்தாள். கம்பள வாசத்துக்குள் கிடந்துகொண்டு, ஆற்றங்கரையாக இருக்கும், பக்கத்தில் கடை இருக்கும், அவள் கையில் ஏதோ சாப்பிடும் சாமான் இருக்கும் என்று அவர் ஒரு ஊரையே கட்டி எழுப்பினார். அந்த ஊர் இன்னும் அவருக்குள் இருக்கிறது.

ரொறன்ரோவில் முதலில் ஒரு பாண் பேக்கரியில் அடுப்படி வேலை. பிறகு பென்சன் வயது வரைக்கும் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. அவர் அடுக்கிய தட்டுகள் பிராங்பேர்ட்டுக்கும் பாரிசுக்கும் பறந்தன. அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். மங்கையற்கரசியைக் கட்டினார். ஒரு மகள், இப்போது கல்கரியில். வேலையை விட்ட கையோடு வாதம் வந்து இடது காலையும் கையையும் பாதி எடுத்துக்கொண்டு போனது. இப்போது வோக்கரைப் பிடித்துத்தான் நடை. மங்கையற்கரசிக்கும் முழங்கால் இரண்டும் சரியில்லை. இரண்டு பேரும் சமையலறைக்குப் போய்வந்தாலே ஊர்வலம் போன மாதிரி இருக்கும்.

பின்னேரங்களில் பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு கீழே லோரன்ஸ் வீதியைப் பார்ப்பார். வாகனங்கள் கிழக்கே போகும், மேற்கே போகும். கண்ணைப் பாதி மூடினால் எல்லாமே தெற்கே போகும். ஹம்பேர்க்கிலிருந்து தெற்கே.

போன வருடம், மரங்கள் சிவக்கத் தொடங்கிய நேரம், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஸ்ரீதரனிடம் சொன்னார்:

"ஸ்ரீ, எனக்கு அந்த ரோட்டை ஒருக்காப் பகலிலை பாக்கவேணும். முன் சீட்டிலை இருந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு."

"பகிடியோ, அத்தான்?"

"பகிடி இல்லை. மற்றக் காலும் போறதுக்கிடையிலை."

ஸ்ரீதரன் கோப்பையை வைத்தான். "அப்ப போவம்."

ஸ்ரீதரன் வீல் ட்ரான்ஸ் பஸ் ஓட்டுகிறவன். ஏலாதவர்களையும் சக்கர நாற்காலிக்காரரையும் வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவது அவன் தொழில். படிக்கட்டை அவன் சொந்த எதிரியாகப் பார்ப்பான். அன்றிலிருந்து வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே போனைப் பிடித்துக்கொள்ளுவான். முதலில் வாடகை வான். பதிந்த கார் சரிவராது, இருக்கை அத்தானின் இடுப்பு உயரத்துக்கு இருக்கவேண்டும். கட்டடத்தின் நிலவறைப் பார்க்கிங்கில் சிநேகிதன் ஒருவனின் வானைக் கொண்டுவந்து நிறுத்தி ஒத்திகை பார்த்தான். இருக்கையில் வழுக்குகிற பிளாஸ்டிக் பையை விரித்து, முதலில் பின்பக்கத்தை வைத்து, பிறகு கால்கள் இரண்டையும் சேர்த்து உள்ளே சுழற்றவேண்டும்.

"மெல்ல அத்தான், மெல்ல. நடன அரங்கேற்றம் இல்லை."

"நீ கையை எடு. நான் தனிய ஏறுவன்."

ஏறினார். முன் கண்ணாடிக்கு வெளியே சீமெந்துச் சுவர் ஒன்றுதான் இருந்தது. அதையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கையற்கரசி பின் சீட்டில் இருந்தபடி, "என்னப்பா, ஜேர்மனி நல்லா இருக்கோ?" என்றாள்.

அடுத்தது ஹொட்டேல்கள். ஸ்ரீதரன் தன் ஆங்கிலத்தில் கேட்பான், அவர்கள் தங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவார்கள். லிஃப்ட் இருக்கிறதா? இருக்கிறது. லிஃப்டுக்குப் போகப் படி இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது.

"கொஞ்சமாம்!" போனை வைத்துவிட்டுக் கத்துவான். "உலகத்திலை எல்லாரும் சொல்லுற பொய் உதுதான் அக்கா. கொஞ்சப் படி!"

குளிக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுவான். ஏறிக் கடக்கிற தொட்டி இருந்தால் அந்த ஹொட்டேல் வேண்டாம் என்றுவிடுவான். ஒரு நாளைக்கு ஒரு துண்டு ரோட்டுத்தான். அதிலும் அடிக்கடி நிறுத்தி இறங்கி, காலில் இரத்தம் ஓடவிட்டு ஏறவேண்டும் என்று டொக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கசல், பிராங்பேர்ட், ஃபிரைபேர்க், பாசல் என்று வழி மெல்ல மெல்லக் கூடிவந்தது.

அத்தானுக்கு வேலை ஒன்றுதான். ஐபாட்டில், தெருவைப் படமாகக் காட்டுகிற மேப்பில், நல்ல கை விரலால் அந்த ரோட்டில் போய்க்கொண்டிருப்பது. ஒரு தட்டுக்குப் பத்து மீற்றர் தூரம். அங்கே எப்போதும் மத்தியானம். இடையில் வருகிற ஊர்களில் ஆட்களுக்கு முகம் இல்லை, முகம் இருந்த இடத்தில் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். சைக்கிள் ஓடுகிறவன் விழாமல் நின்றுகொண்டே ஓடுகிறான். மஞ்சள் பூ வயல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தட்டுத் தட்டினால் அதே இடத்தில் மாரிகாலம், மரமெல்லாம் மொட்டை. இன்னொரு தட்டு, மறுபடி கோடை. காலமும் தூரமும் அவர் விரலுக்கடியில் களிமண் மாதிரிக் கிடந்தன. கசலுக்குக் கிட்ட மலை வந்தபோது விரலை நிறுத்தினார். முதுகுத்தண்டு சூடாகியது.

"இஞ்சேர், இதிலைதான் லொறி மூச்சு வாங்கினது."

"எப்பிடித் தெரியும்?" என்றாள் மங்கையற்கரசி.

"தெரியும்."

தண்ணீர்ச் சத்தம் கேட்ட இடத்தையும் தேடினார். பாலங்கள் நிறைய வந்தன. ஒவ்வொன்றுக்குக் கீழும் அந்தப் பெண் சிரித்திருக்கலாம். ஐபாட்டை மடியில் வைத்தபடி நித்திரையாகிவிடுவார். நித்திரையிலும் ரோடு போகும்.

இப்படியே விட்டிருக்கலாம். மங்கையற்கரசி விடவில்லை. சுவிசில், பேர்ண் நகரத்தில் இருக்கிற தமக்கையின் மகள் சிவானியோடு கதைக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்று பின்னேரத்துக்குள் ஐரோப்பா முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் சனத்திடம் ஒன்றைச் சொன்னால் அது பிளேனை விட வேகமாகப் போகும். டென்மார்க்கில் ஒரு சகலன், தங்கள் வீட்டில் மூன்று நாள் நிற்காவிட்டால் இனிக் கதையில்லை என்றார். லண்டனில் ஒரு மைத்துனி ஆட்டிறைச்சிக்குச் சொல்லிவைத்துவிட்டாளாம். சொந்தம் இருக்கிற ஊரில் ஹொட்டேலில் படுத்தால் அது சொந்தத்தின் முகத்தில் அடித்த மாதிரி. ஸ்ரீதரன் மேப்பில் எல்லா வீட்டையும் தொட்டுப் பார்த்தான். வழி, சிக்கெடுக்காத தலைமயிர் மாதிரி வந்தது. அதில் அத்தானின் ரோட்டைக் காணவில்லை.

கடைசியாகப் பாரிசிலிருந்து அருள்நாயகம் போன் எடுத்தார். இராஜரட்ணத்தின் பெரியப்பா மகன், வயதில் மூத்தவர். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம்.

"டேய் ரட்ணம், நான் உயிரோடை இருக்க நீ ஹொட்டேலிலை படுக்கிறதோ?"

"அண்ணை, என்னாலை படி ஏற ஏலாது."

"உன்னை ஆர் ஏறச் சொன்னது? நாலு பெடியளை வைச்சுக் கதிரையோடை தூக்குவிப்பன். மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்குவாய்."

இராஜரட்ணம் போனை மனைவியிடம் கொடுத்தார். ஐபாட்டை மூடிக் குப்புற வைத்தார்.

"ஸ்ரீ, எல்லாத்தையும் நிப்பாட்டு. நான் வரேல்லை."

காரணம் மங்கையற்கரசிக்குத் தெரியும். அன்று சுவிஸ் எல்லையில் லொறிக் கதவு திறந்தபோது, மடங்கிக் கிடந்த கால்கள் செத்துப்போயிருந்தன. இரண்டு பேர் அக்குளிலும் முழங்காலிலும் பிடித்து அவரைத் தூக்கி ஈரப் புல்லில் போட்டார்கள். ஒருவன் ஏதோ சொன்னான், மற்றவன் சிரித்தான். அந்தப் பயணத்தின் பசியும் பயமும் அவருக்கு மறந்துபோயிற்று. தன் கால்கள் தன்னுடையவை இல்லாத மாதிரித் தொங்கினதை மட்டும் மறக்க முடியவில்லை. ஐரோப்பாவில் இரண்டாவது தடவையும் சாமானாக இருக்க அவருக்கு விருப்பமில்லை.

சில நாட்கள் அவர் பல்கனியில் இருந்தார், ஆனால் கீழே பார்க்கவில்லை. மங்கையற்கரசிக்குச் சோறு இறங்கவில்லை. கெடுத்தது தன் வாய் என்று தெரியும். ஒரு நாள் ஸ்ரீதரனைக் கூப்பிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பெரிய ரோட்டுகளிலை, நிண்டு ஆறுற இடங்களிலை, படி இருக்கோ?"

"இல்லை அக்கா. ரோட்டோரத்திலை மேசை வாங்கு இருக்கும். கக்கூசும் நிலமட்டம். ஏன்?"

அவள் போனை எடுத்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இனி ஒருத்தரும் வீட்டுக்கு வா எண்டு கேக்கப்படாது. அவர் வீடு பாக்க வரேல்லை, ரோட்டுப் பாக்க வாறார். பாசமெண்டால் நீங்கள் ரோட்டுக்கு வாங்கோ."

டென்மார்க் சகலன் போனை வைத்துவிட்டார். லண்டன்காரி அழுதாள். சிவானி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். "சின்னம்மா, பாசலுக்குக் கிட்ட நான் சட்டியோடை வந்து நிப்பன். பிள்ளையளுக்குப் பிக்னிக் ஆச்சு."

கடைசியில் பாரிஸ்.

"எனக்கு வர ஏலாது" என்றார் அருள்நாயகம்.

"ஏன் அருளண்ணை, வீறாப்போ?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரட்ணத்திட்டைக் குடு, பிள்ளை."

இராஜரட்ணம் விருப்பமில்லாமல்தான் வாங்கினார். "சொல்லுங்கோ அண்ணை."

"டேய், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நான் கடைசியாக் கீழை இறங்கினது போன மாரிக்கு முதல்."

"என்ன கதை இது?"

"இடுப்படா. இறங்கினால் ஏற ஏலாது. மருமோள் கடைச் சாமான் கொண்டந்து தருவாள். யன்னலுக்குள்ளாலை தெரியிறதுதான் எனக்குப் பாரிஸ்."

"அப்ப அந்த நாலு பெடியள்?"

"ஒரு பெடியனும் இல்லை. காசு குடுத்துப் பிடிப்பம் எண்டு இருந்தனான். நீ வந்தால்தானே நான் உன்னைப் பாக்கலாம்."

"அவங்களைக் கொண்டு நீங்கள் இறங்கிறதுதானே?"

"என்னைத் தூக்கிறதோ? விசரே உனக்கு?"

"என்னை மட்டும் தூக்கலாமோ?"

அருள்நாயகம் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வருமட்டும் சிரித்தார். இராஜரட்ணமும் சிரித்தார். வெக்ஸ்போர்ட்டில் அந்தச் சிரிப்புக் கேட்டுக் கனநாள்.

"எந்தத் தெரு அண்ணை? திருப்பிச் சொல்லுங்கோ." ஐபாட்டை நிமிர்த்தினார். விரல் பாரிசுக்குப் பறந்தது. தெருவில் இறங்கி, படத்தை மேல்நோக்கிச் சரித்தார். சாம்பல் கட்டடம், வெள்ளைக் கதவு போட்ட யன்னல்கள், அதற்கு மேல் ஒரு கீலம் வானம்.

"நாலாம் மாடியிலை ஒரு நீலச் சட்டை காயுது."

"அது என்ரை சட்டையடா! கிழிஞ்சு எறிஞ்சு எத்தினை காலம்!"

எறிந்த சட்டை அங்கே மத்தியான வெயிலில் காய்ந்துகொண்டே இருந்தது.

"நான் அந்த யன்னலுக்குக் கீழை வந்து வானிலை இருப்பன். நீங்கள் எட்டிப் பாருங்கோ. போனிலை கதைப்பம்."

"வந்தவனுக்குச் சாப்பாடு போடாமல் விடுறதோ?" அருள்நாயகத்தின் குரல் மறுபடி மூத்தவர் குரலானது. கொஞ்சம் யோசித்தார். "கயித்திலை கட்டி இறக்கிறன்."

"புட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பாதி வழியிலை பறந்திடும்" என்று மங்கையற்கரசி இங்கிருந்து கத்தினாள்.

"ரொட்டியும் இடிச்ச சம்பலும் எண்டு சொல்லு அவளுக்கு!"

ஸ்ரீதரன் அன்றிரவே பாசலுக்குப் பிறகு பாரிசைச் சேர்த்தான். அந்தத் தெருவில் பார்க்கிங் எடுப்பதை விட ஏவுகணை விடுவது சுகம் என்று புறுபுறுத்தான். ஆனால் டிக்கெட் போட்டான். பனி கரைந்த பிறகு, வயல்கள் மஞ்சளாகிற மாதம்.

ஒரு கிழமை கழித்து அருள்நாயகம் போன் எடுத்தார். ஒத்திகை பார்த்தாராம். அரிசிப் பை ஒன்றைக் கட்டி இறக்கியபோது, இரண்டாம் மாடி வெள்ளைக்கார மனிசியின் பூச்சாடியில் சிக்கிவிட்டதாம்.

"ஏசினதோ?"

"இல்லையடா. அவிட்டு விட்டது. என்ன ஏது எண்டு மருமோளிட்டைக் கேட்டிருக்கு. இப்ப அந்த மனிசிக்கும் ஒரு பார்சல் வேணுமாம்."

இராஜரட்ணம் போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். முன் சீட்டில் இருக்கிறார். கண்ணாடி இறக்கிக் கிடக்கிறது. மேலே நாலாம் மாடியில் நரைத்த தலை ஒன்று தெரிகிறது. கயிறு மெல்ல மெல்ல வருகிறது, இரண்டு பார்சல்கள் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு யன்னலாகக் கடக்கின்றன, இரண்டாம் மாடியில் நின்று ஒன்று குறைகிறது, மறுபடி இறங்குகிறது. அவசரமே இல்லை. நல்ல கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.