புளி போட்டுத் தேய்த்த சாக்சபோன்

எங்கள் கடற்கரை ஊரில் திருவிழாச் சப்பரத்துக்கு முந்தின நாள் பெண்கள் சேர்ந்து மாதா கோவிலின் பித்தளைச் சாமான் அத்தனையையும் கடலோரம் சுமந்துபோய், புளியும் ஈரமணலும் போட்டுத் தேய்ப்பார்கள். அந்த வருஷம் மெழுகுதிரித் தண்டுகளோடு என் சாக்சபோனும் போய்விட்டது.

என் சாக்சபோன் என்கிறேன். உண்மையில் அது பங்குச் சாமியாருடையது. கப்பலில் வந்தது. கோவில் பாண்டில் வாசிக்கக் கொடுக்கும்போதே சொன்னார்: உள்ளே செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, மேலே மெல்லிய வெள்ளி முலாம், மூடிகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் எஃகு. கெடுத்தால் திரும்ப வாங்கிவிடுவாராம். வாசித்து முடித்ததும் கோவில் அலமாரியில் பூட்டிவிட வேண்டும். உப்புக்காற்றில் வெள்ளி கறுக்கக் கறுக்க எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அன்று சாமான் எடுக்கத் திறந்த அலமாரி காலியாகக் கிடந்தது. கடற்கரைக்கு ஓடினேன். என் மனைவி அதை மடியில் கிடத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளி உரிந்து பாதி உடம்பு மஞ்சளாகிவிட்டது.

“ஏட்டி, என்னத்த செய்துபோட்ட?”

“ஈயம் பூசுன அண்டா மாதிரிதான்னு நெனச்சேன். எல்லாம் மின்னும்போ உங்களுது மட்டும் கரிச்சட்டியாட்டு இருக்கணுமா?”

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். “நாளைக்கு இது ஊதலேன்னா நீ ஒனக்க அம்ம வீட்டுக்குப் போயிரு” என்றும் சொன்னேன். அவள் முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள்.

மறுநாள் சப்பரம் கிளம்பும் நேரத்தில், நான் பயந்தபடியே, துருவேறிய எஃகுக் கம்பி ஒன்று ஒடிந்தது. மூடி ஒன்று திறந்தே கிடந்தது. மேல்சுரங்கள் வந்தன, கீழே இறங்கினால் வெறும் காற்று. மேளம் தொடங்கிவிட்டது. பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி வந்து, மடியிலிருந்த வலைநூலை எடுத்து, அந்த மூடியை இறுக்கிக் கட்டினாள்.

“இனி ஊதுங்க.”

ஒரு சுரம் போயிற்று. மற்றதெல்லாம் வந்தது. ஊர் சுற்றி முடியும்வரை நான் சப்பரத்தைப் பார்க்கவில்லை, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கோவில் வாசலில் சாமியார் அதை வாங்கி விரலால் தடவினார். “வெள்ளி எங்கே?”

“உப்புக்காத்து சாமி...” என்று இழுத்தேன்.

“காத்து இல்ல சாமி. நாந்தான் தேச்சேன். அவியளுக்குத் தெரியாது” என்றாள் என் மனைவி பின்னாலிருந்து.

“நூல்?”

“அதும் நாந்தான்.”

அவர் அந்த முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

“வெள்ளி போய்விட்டது. இனி பூட்டி வைக்க என்ன இருக்கிறது? உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்” என்று என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கதவோரம் அவளுடைய துணிமூட்டை கட்டி வைத்திருந்தது. காலையிலேயே கட்டியிருக்கிறாள். அவள் குனிந்து அதை அவிழ்த்து, நைந்த சேலை ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

“இதுல பொதிஞ்சு வையுங்க.”

மூட்டையைத் திரும்பக் கட்டவில்லை.