கொதிக்குப் பயந்து ஊட்டிய பூனை

உப்பில்லாமல், மஞ்சளில்லாமல், வெறும் தண்ணீரில் கோழி நெஞ்சு அவியும்போது ஒரு வாசம் வரும். பசியைக் கிளப்பாத, ஈரச் சாக்கை நினைவுபடுத்துகிற அந்த வாசம் எங்கள் குசினியில் எழும் ஒவ்வொரு காலையும் யாராவது ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆஸ்பத்திரிச் சோறு வேகுது" என்று கெக்கட்டம் விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பத்து வயதில் நான் தனியாகச் சமைக்கப் பழகிய முதல் சாப்பாடு அதுதான். மனிதருக்கல்ல, ஒரு பூனைக்குட்டிக்கு.

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, அப்போது கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது தங்கள் பெர்சியன் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைப் பிரம்புக் கூடையில் வைத்து, கல்முனை பஸ்ஸில் மடியில் சுமந்து கொண்டுவந்து என்னிடம் தந்தார். அமுங்கிய மூக்கு, வட்டக் கண், உடம்பு முழுக்க வெள்ளை மயிர். பஞ்சு என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊர்ப் பூனைகளோ கரைவலை இழுக்கிற இடத்தில் சிந்திய மீனைத் தின்று, கறிச்சட்டியை நக்கி, எதைத் தின்றாலும் செமித்துக்கொண்டு மதிலில் படுத்திருப்பவை. "இது நம்மட நாட்டுப் பூனை மாதிரி இல்ல மகள், வயிறு லேசானது, கண்டதையும் குடுத்திடாத" என்று சாச்சா அத்தனை பேருக்கும் கேட்கத்தான் சொல்லிவிட்டுப் போனார். யார் காதில் வாங்கினார்கள்?

அவர் பஸ் ஏறிய மறுநாளே உம்மா மாப்பாலைக் கரைத்து, சீனி போட்டுக் குடிக்கக் கொடுத்தா. பஞ்சு இரண்டு நாள் வயிற்றோட்டத்தில் வாடிப்போய்க் கிடந்தது. வாப்பா சைக்கிளில் என்னையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். அவரை எங்கள் ஊரில் "மாட்டு டொக்டர்" என்றுதான் சொல்வார்கள். அவர் பெரியவர்களிடம் சொல்லாமல் என்னைப் பார்த்தே சொன்னார். பால் வேண்டாம், தண்ணீர் போதும். கோழியோ மீனோ அவித்து, முள்ளும் எலும்பும் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நாலு தரம் கொடு. இடைக்கிடை அவித்த முட்டை கொடு. உப்பு, தூள், எண்ணெய் படக்கூடாது. வெங்காயம், உள்ளிப்பூண்டு பட்ட எதையும் வாயில் வைக்கவே கூடாது, அது பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். நான் அதைக் குர்ஆன் பாடம் மாதிரி மனனம் பண்ணிக்கொண்டு வந்தேன். பஞ்சு தேறியது. மயிர் மினுங்கத் தொடங்கியது. என் கொலுசுச் சத்தம் கேட்டாலே வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு டொக்டரைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதன் பெயர் "கொதி". ஒருவர் தின்பதை இன்னொருவர் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பார்வை தின்றவரின் வயிற்றில் விழுந்து நோவெடுக்கும் என்பார்கள். கொதி விழுந்தால் பள்ளிவாசல் லெப்பையிடம் போய் உப்பு ஓதிக் கொண்டுவந்து வாயில் போடவேண்டும். பார்த்தவருக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. பஞ்சுவின் கெட்டகாலம், அல்லாஹ் அதற்குக் கொடுத்த கண்கள் அப்படி. வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் உலகத்துச் சோறெல்லாம் தனக்கு வேண்டும் என்பதுபோல் இருக்கும். வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி, எதிர் வளவிலிருந்து வந்து எங்களோடு சாப்பிடும்போதெல்லாம் அதைக் கண்டு நடுங்குவா. "அது பார்த்துக்கிட்டு இரிக்கக்குள்ள நாம திண்டா, வயிறு ஊதிச் சாகிறதா?" என்று ஆணத்தில் தோய்ந்த இறைச்சித் துண்டை அதன் பக்கம் தள்ளுவா. நான் பாய்ந்து பறிப்பேன். "இவள்ற நெஞ்சு கல்லு. பூனைக்குக் குடுத்தா நன்மையெண்டு தெரியாதா?" என்று எனக்கே ஏச்சு விழும். நன்மையாம்! தன் வயிறு நோகக்கூடாது என்று கொடுத்துவிட்டு அதற்கு நன்மையும் எதிர்பார்த்த அந்தக் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல?

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். அதனால் பெண் வீட்டுச் சோறு எப்படி என்பது பெரிய விசயம். என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி, அவருடைய வீட்டார் முதன்முதலாக விருந்துக்கு வந்த அன்று, உம்மா விடியலிலிருந்தே பதறிக்கொண்டிருந்தா. நெய்ச்சோறு, வெங்காயம் வதக்கிப் போட்ட மாட்டிறைச்சி ஆணம், கோழிப் பொரியல், வட்டிலப்பம். நான் பஞ்சுவைப் பிடித்து அறையில் பூட்டினேன். உள்ளேயிருந்து அது கத்தியது. "வாயில்லாச் சீவன் கத்தக்குள்ள சோறு இறங்குமா?" என்று மாமி எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டா. பஞ்சு நேரே வந்து மாப்பிள்ளையின் உம்மாவுக்கு முன்னால் குந்திக்கொண்டது. அவவின் கை சஹன் தட்டிலிருந்து வாய்க்குப் போக அதன் கண்ணும் கூடவே போனது. அவ கையை நிறுத்தினா. "என்ன இது, கொதி விழப்போகுது" என்று சிரித்தா.

அந்தச் சிரிப்பில் என் உம்மாவின் முகம் செத்துப்போனது. அவசரமாக ஆணத்திலிருந்து இறைச்சியை, அதன் மேலே அப்பியிருந்த வெங்காயத்தோடு, ஒரு சோசரில் அள்ளி வைத்தா. சுற்றியிருந்த பெண்களும் ஆளுக்கொரு துண்டு போட்டார்கள். "குடுக்காதீங்க, டொக்டர் வேணாமெண்டவர்!" என்று நான் கத்தினேன். உம்மா என் தொடையில் நுள்ளி, "வந்த ஆக்களுக்கு முன்னால வாய் காட்டாத" என்றா. என் பஞ்சு சோசரை நக்கித் துடைத்தது. அதற்கென்ன தெரியும்? ருசியாகத்தான் இருந்திருக்கும்.

அன்றோடு அது என் அவித்த கோழியைத் தொடவில்லை. மணந்துபார்த்துவிட்டு மண்ணைத் தள்ளுவதுபோல் காலால் தள்ளும். "பார்த்தியா, அதுக்கும் நாக்கு இரிக்கி" என்று வீடே குதூகலித்தது. விருந்தில் மிஞ்சிய ஆணம் சூடாக்கிச் சூடாக்கி முடியும்வரை அதற்கும் பங்கு போனது. நான் அழுதேன், சோசரைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன், சாப்பிடமாட்டேன் என்று படுத்தேன். ஒரு பூனைக்கு இவ்வளவா என்று என்னைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பஞ்சு கட்டிலில் ஏற முடியாமல் கீழே நின்று என்னைப் பார்த்தது. அது பெய்த சலம் செம்மண் நிறத்தில் போனது. மாட்டு டொக்டர் அதன் உதட்டை விரித்துக் காட்டினார். பல் முரசு கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. "வெங்காயம் குடுத்தீங்களா?" என்றார். வாப்பா தலையைக் குனிந்தார். டொக்டர் ஊசி போட்டுவிட்டு, இனி அல்லாஹ்விடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் ளுஹர் தொழுகைக்கு முன்னால் பஞ்சு என் மடியில் செத்துப்போனது.

எனக்கு இன்றும் ஆறாதது இன்னொன்றும் இருக்கிறது. அதே நேரத்தில், மிஞ்சிய வட்டிலப்பத்தை இரண்டு கையாலும் தின்று தீர்த்த மாமிக்கு வயிறு நொந்தது. பூனையின் கொதிதான் என்று சொல்லி லெப்பையிடம் உப்பு ஓதப் போனா. செத்துக்கொண்டிருந்தது பூனை. உப்பு மாமிக்கு!

இப்போது அந்த லெப்பை மௌத்தாகிவிட்டார். கொதி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. போகட்டும், அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். கல்முனை பஸாரில் பூனைத்தீன் பக்கற்றுகள் வரிசையாகத் தொங்குகின்றன. பெர்சியன் குட்டி இல்லாத தெரு குறைவு. இந்தப் பெருநாளைக்கு உம்மா இருக்கிற ராத்தா வீட்டுக்குப் போனபோது, ராத்தாவின் மகளும் ஒன்று வளர்ப்பதைக் கண்டேன். உம்மா அவளிடம், "வெங்காயம் பட்ட ஒண்டையும் குடுத்திடாத மகள், பூனைக்கு அது நஞ்சு" என்று பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருந்தா.

"இது உங்களுக்கு எப்ப தெரியும் உம்மா?" என்று கேட்டேன்.

"இதென்ன, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே" என்றா.

"அப்ப பஞ்சு?"

உம்மா கொஞ்சம் யோசித்தா. "அந்தக் கொழும்புப் பூனையா? அது வரக்குள்ளயே நோய் வருத்தத்தோட வந்ததுதானே." பக்கத்தில், பெருநாளைக்கு வந்திருந்த மாமி ஓம் ஓம் என்று தலையாட்டினா.

என் காதெல்லாம் கொதித்தது. "அது வருத்தத்தோட வரல்ல. பத்து வயசுப் புள்ள சொன்னதெண்டதால நீங்க கேக்கல்ல" என்றேன். ராத்தாவின் மகள் தன் பூனையை மடியில் இழுத்துக்கொண்டு, "சாச்சி, அத நீங்களா வளர்த்த?" என்று கேட்டாள்.

"ஓம் மகள்" என்றேன். "எண்ட கையால திண்டவரைக்கும் அது நல்லாத்தான் இரிந்த."